துண்டிக்கும் அனுமதி

பூட்டிய அறைக்குள் மோடம் கீச்சிட ஆரம்பித்தபோது சூப்பர்வைசர் கூடத்தில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். அறைச் சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது.

அவள் இருந்தபோதும் வீட்டில் இரண்டே பேர்தான். ஆனால் அந்த ஒற்றைக் கம்ப்யூட்டருக்கு அவர் போட்ட சட்டதிட்டம் ஒரு ராஜாங்கத்துக்கே போதும். இணையத்தில் இணைக்கும் அனுமதி அவருக்கு, துண்டிக்கும் அனுமதியும் அவருக்கே. மனைவி பெயரிலும் ஒரு கணக்கு இருந்தது. அதில் சீட்டாடலாம், அவ்வளவுதான். காலையில் எதையாவது டவுன்லோடு போட்டு, அறையைப் பூட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார். அவர் திரும்பும்வரை டெலிபோன் லைன் அதிலேயே மாட்டிக்கொண்டு கிடக்கும். கூடத்தில் ரிசீவரை எடுத்தால் வெறும் இரைச்சல்தான்.

"எனக்கு மூச்சிழுப்பு வந்தா எப்படிங்க டாக்டருக்கு போன் பண்றது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"உன் அவசரமெல்லாம் நான் வந்தப்புறம் வச்சுக்கோ."

ஒரு சாயங்காலம் அவர் திரும்பியபோது, ரிசீவரைப் பிடித்தபடியே விறைத்துக் கிடந்தாள். வந்தவர்களிடம் லைன் பழுது என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே அவள் கணக்கை அழித்தார். வருத்தம் இல்லாமல் இல்லை. இனி டீ போட ஆளில்லையே என்று.

இப்போது கதவைத் திறந்ததும், அடைபட்ட இருட்டுக்குள்ளிருந்து அவள் மார்பில் தடவிக்கொள்ளும் தைலத்தின் வாசனை எழுந்து, மோடத்தின் கீச்சொலியோடு சேர்ந்து அவர் முகத்தில் மோதியது. திரை நீலமாக எரிந்தது. பயனர் பட்டியலில் அழித்த பெயர் இருந்தது, எதிரே எல்லா அனுமதிகளும். அவர் பெயருக்கு எதிரே ஒன்றுமில்லை. துண்டிக்கும் பட்டனை அழுத்தினார்.

'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது திரை.

மோடத்தின் ஒயரைப் பிடுங்கி எறிந்தார். கீச்சொலி நிற்கவில்லை.

அப்போதுதான் மார்பு இறுகியது. இழுப்பு. பிறந்ததிலிருந்து அவருக்கு வந்ததே இல்லை. உள்ளே போன மூச்சு வெளியே வரவில்லை. கூடத்துக்குத் தடுமாறி ஓடினார். ரிசீவரை எடுத்தார். இரைச்சல். டாக்டர் நம்பரை அழுத்தினார். இரைச்சல். அதற்குள்ளிருந்து, பதற்றமே இல்லாத ஒரு குரல்.

"உங்க அவசரமெல்லாம் நான் வந்தப்புறம் வச்சுக்கங்க."

இரைச்சல் நின்றது.

திறந்து கிடந்த அறைக்குள்ளிருந்து ஒயர் தரையில் உரசும் சத்தம் கேட்டது. அதை இழுத்துக்கொண்டு, அடிக்கு ஒரு இழுப்பாக, யாரோ மூச்சு வாங்கியபடி கூடத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள்.