யூஜீனின் மஞ்சள் பல்புகள்

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் அன்று காலையிலிருந்தே பனி கொட்டிக்கொண்டிருந்தது. விளையாட்டு இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் கர்ட்டிஸ் வாசலில் பூட்ஸை உதறிக்கொண்டு நின்றபோது, லொரெய்ன் ஸ்டகோவ்ஸ்கி அவனை வா என்றுகூடச் சொல்லவில்லை.

"கீழ கெடக்கு அந்தச் சனியன். குண்டு பல்பு அத்தனையும் புடுங்கிட்டு எல்இடி போடுங்க."

சனியன் என்றது பின்பால் மேசையை. கண்ணாடிக்கடியில் இரும்புக் குண்டு ஓடி விளக்குகளுக்கிடையே முட்டி மோதும் அந்த விளையாட்டைத்தான் அவள் கணவன் யூஜீன் கட்டிக்கொண்டு அழுதான். சாப்பாடு, பியர், தூக்கம் எல்லாமே நிலவறையில்தான். போன இலையுதிர் காலத்தில் அங்கேயே செத்தும் விழுந்தான். எல்இடி என்றால் அவனுக்கு வேப்பங்காய். பிணவறை வெளிச்சம் என்பான்.

"அவருக்குப் புடிக்காதுன்னு போன்ல சொன்னீங்களே மேடம்," என்றான் கர்ட்டிஸ், படியிறங்கியபடி.

"அதுக்குத்தான் போடச் சொல்றேன்."

நிலவறையில் பழைய பியர் வாடை அடித்தது. கர்ட்டிஸ் மேல்கண்ணாடியைக் கழற்றினான். இரும்புக் குண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விளக்குகள் பதித்த பலகையை நிமிர்த்தினான். முதல் பல்பைத் திருகியவன் கையை உதறினான்.

"சுடுது."

பிளக் தரையில் கிடந்தது. மாதக்கணக்கில் அப்படித்தான் கிடக்கிறது.

"குளிர்ல கை மரத்துப்போச்சு உங்களுக்கு. வேலையப் பாருங்க தம்பி."

கழற்றிய பல்புகளை அவள் குப்பைக்கூடையில் வீசினாள். ஒவ்வொன்று உடையும்போதும் சிரித்தாள்.

வேலை முடிந்து மின்சாரம் கொடுத்ததும் மேசை முழுக்க வெளுத்தது. அதில் வரைந்திருந்த முகங்கள் இரத்தம் வற்றியவைபோல் வெளிறின. அணைந்திருக்க வேண்டிய விளக்குகளில் சில மட்டும் மங்கலாக மினுங்கின.

"மின்சாரம் லேசா கசியுது மேடம். எங்க தொழில்ல இதுக்குப் பேரே பேய் வெளிச்சம்தான்." கர்ட்டிஸ் சிரித்துக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினான்.

மினுங்கல் நிற்கவில்லை.

டக்.

குண்டைத் தட்டும் துடுப்பு ஒன்று தானாக அடித்தது.

டக். டக்.

கர்ட்டிஸ் தன் கருவிப்பெட்டியைக்கூட மூடவில்லை. "மேல வந்துருங்க மேடம்," என்று கிசுகிசுத்துவிட்டுப் படியேறி ஓடினான். வெளியே அவன் வண்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.

லொரெய்ன் அசையவில்லை.

"ரோஷத்தப் பாரு," என்றாள் மேசையிடம். "உசுரோட இருந்தப்ப ஒரு ஆணி அடிக்கத் துப்பில்ல. புடிக்கலன்னா கெளம்பு. எவன் இருக்கச் சொன்னான்?"

விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

ஜெயித்த மிதப்பில் மேலே வந்து காபி போட்டாள். கோப்பையை எடுக்கும்போது முதுகுக்குப் பின்னால் நிலவறைப் படி கிறீச்சிட்டது.

ஒரு படி.

இன்னொரு படி.

கதவு திறக்கவில்லை. ஆனால் தலைக்கு மேலே எரிந்த வெள்ளை விளக்கு மெல்ல மஞ்சளானது. சூடேறிய தூசியும் பியரும் கலந்த வாடை அவளை உரசிக்கொண்டு போனது.

கூடத்து விளக்கு மஞ்சளானது. பிறகு மாடிப்படி விளக்கு.

"யூஜீன்." அவள் கோப்பையை வைத்துவிட்டு மாடிப்படியடிக்கு வந்தாள். "கீழயே போயிரு. பழைய பல்பையே போட்டுத் தர்றேன்."

ஆனால் கீழே குப்பைக்கூடையில் இருந்ததெல்லாம் கண்ணாடித்தூள்.

மாடியில் கட்டில் முனகியது.

வெகுநேரம் கழித்துத்தான் அவள் ஏறிப்போய்ப் பார்த்தாள். படுக்கையறையில் அவன் பக்கத்து மேசைவிளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அதில் பல்பே இல்லை.

கட்டிலில் அவள் பக்கத்துப் போர்வை மட்டும், வந்து படு என்பதுபோல் விலக்கி வைக்கப்பட்டிருந்தது.