வீட்டைப் பார்க்கும் காலணிகள்

ஜப்பானின் அகிதா மலையில் முந்நூறு ஆண்டுகளாக உலவிவரும் பேயொன்றை, போன வசந்தத்தில், ஒரு கிண்ணம் நூடுல்ஸ் ஆறுவதற்குள் தாமே பெற்றெடுத்ததாகக் கிழவர் கிரிதானி மார்தட்டிக்கொள்வார். ஊர் விடுதிக்காரர் தன் விருந்தினருக்குச் சொல்லப் பழங்கதை ஒன்று வேண்டுமென்று கேட்டார். இவர் புதிதாக ஒன்றைச் சமைத்துப் பழசு என்று கொடுத்துவிட்டார். வெளியே போகத் தோதாக வாசலைப் பார்த்து வைத்த காலணிகளை வீட்டைப் பார்த்துத் திருப்பிவிடும் பேய். எல்லாம் திரும்பிவிட்டால் வீடு யாரையும் வெளியே விடாது. கதை கேட்டவர்கள் அலறிய அலறலில் எதிர்மலையில் பனி சரிந்ததாம்.

"அது உங்க பொய்யோட பாரம் தாங்காம சரிஞ்சது," என்பாள் மனைவி சுமியே.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு பிற்பகல், ஜன்னல்களில் பனித்தடுப்புப் பலகை அடித்த வீடு மண்ணெண்ணெய் அடுப்பின் வாடையும் முள்ளங்கி ஊறுகாயின் புளிப்புமாகப் பகலிலேயே இருண்டு கிடக்க, கூரையில் பனி முனகுவதைக் கேட்டபடி வாசலுக்கு வந்த கிரிதானி நின்றுவிட்டார். அவருடைய பூட்ஸின் முனை அவரையே பார்த்தது.

"சுமியே, நீ திருப்பினியா?"

"உங்க பேய்க்கு எடுபிடி வேலை பார்க்க வேற ஆளைப் பாருங்க."

திருப்பி வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். பூட்ஸ் மறுபடியும் உள்ளே பார்த்தது. பக்கத்தில் அவளுடைய பூட்ஸும்.

"இன்னைக்கு வெளிய போகாதே."

"அக்கா காய்ச்சல்ல கிடக்கா, போயே ஆகணும். சரி, உங்க கதையில தப்பிக்க என்ன வழி?"

"பழைய கதைன்னா உப்பு தூவு, மந்திரம் சொல்லுன்னு ஏதாவது இருக்கும். நான் ஒண்ணும் வைக்கல. வழி இருந்தா எவன் பயப்படுவான்?"

"மகா புத்திசாலி!"

அவர் பிடித்த கையை உதறிவிட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு அவள் வெளியேறினாள். கதவு மூடியது.

பனியில் காலடிச் சத்தம் இல்லை. மரத்தரையில் கேட்டது.

கிரிதானி கதவைத் தள்ளினார்.

பனி இல்லை. வானம் இல்லை. அதே வாசல். அதே அடுப்பு வாடை. உள்ளே பார்த்தபடி ஒரு ஜோடி பூட்ஸ். கதவைப் பிடித்தபடி, முதுகு காட்டி, ஒரு கிழவர். கிரிதானியின் அதே ஸ்வெட்டர். அவருடைய வழுக்கை. அந்தக் கிழவருக்கு அப்பால் இன்னொரு வாசல். இன்னொரு முதுகு.

வாசல்களின் கடைசியில், விரலளவாக, சுமியே. நடந்துகொண்டே இருந்தாள்.

"என்னங்க..." குரல் மட்டும் காதருகே கேட்டது. "பொய்யில்லைங்க. ஒத்துக்கிறேன். எத்தனை கதவு திறந்தாலும் உள்ளேதான் இருக்கேன்."