பனிக்கரடி பார்த்த பக்கம்

பனிக்கரடி கமராவைப் பார்க்கவில்லை.

சிவப்பு விளக்கின் கீழ், தட்டில் கிடந்த மருந்துத் தண்ணீருக்குள் காகிதம் மெல்ல மெல்லக் கறுத்து, முதலில் மூக்கு, பிறகு காது, பிறகு கற்கள் நிறைந்த கரை என்று ஒவ்வொன்றாக மேலே வந்தபோது மகாதேவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நல்ல படம். படகிலிருந்து எடுத்தது. அந்தக் கரடி நாலைந்து நிமிடம் அசையாமல் தன்னையே பார்த்துக்கொண்டு நின்றது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இப்போது பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், அதன் கண்கள் அவனைத் தாண்டி, அவனுடைய இடது தோளுக்கு ஒரு சாண் வெளியே பார்த்துக்கொண்டிருந்தன.

சரி, கரடிதானே, அதற்கு என்ன பராக்கோ என்று விட்டுவிட்டு அடுத்த படத்தைக் கழுவினான். பனிநரி. அதுவும் இடது தோளுக்கு வெளியே பார்த்தது. ரெயின்டியர் மான் ஒன்று, மேய்ந்த புல் வாயில் தொங்க, அதே பக்கம் பார்த்தது. கடற்கரையில் கும்பலாகப் படுத்திருந்த வால்ரஸ்களில் தூங்குவது போக மிச்சம் இருபது இருபத்தைந்து, அத்தனையும் தலையை ஒரே பக்கம் திருப்பி வைத்திருந்தன. அப்போதுதான் அவன் தன் இடது தோளைத் திரும்பிப் பார்த்தான்.

சிட்னியில், பிளாக்டவுனில் அவன் வாடகைக்கு எடுத்த அந்த வீட்டின் சலவை அறைதான் அவனுடைய இருட்டறை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்து, கதவு இடுக்குக்குப் பழைய சாரத் துணியைத் திணித்து வைத்திருந்தான். வெளியே சனிக்கிழமைப் பகல், ஓகஸ்ட் மாதத்து வெயில், யாரோ புல் வெட்டும் சத்தம். உள்ளே குழாய் சொட்டியது. காடியும் மருந்துமாக மூக்கைப் பிடுங்கும் வாடை வழக்கமானதுதான். அதற்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. ஈரக் கம்பளியும் ஊசிப்போன கொழுப்பும் சேர்ந்த வாடை. பயணத்துக்குக் கொண்டுபோன கோட்டு மணக்கிறதாக்கும் என்று எண்ணினான். கோட்டு எப்போதோ துவைத்துக் காய்ந்து பெட்டிக்குள் போய்விட்டது.

அவன் படம் கழுவ வந்தது அழகு பார்க்க அல்ல. மகள் கிரிஜாவுக்காக.

எழுபத்தேழாம் ஆண்டு ஜூலையில், அவன் வேலை செய்த அச்சக முதலாளி, அடுத்த வருடத்து நாட்காட்டிக்கு வடதுருவப் படம் வேண்டும் என்று அவனை ஒன்பது நாள் பயணமாக ஸ்பிட்ஸ்பேர்கன் தீவுக்கு அனுப்பினார். யாழ்ப்பாணத்தில் கல்யாண வீட்டுப் படம் எடுத்துத் திரிந்தவனுக்கு அது எப்பேர்ப்பட்ட அதிர்ஷ்டம். போய் வந்தான். வந்து பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளில் நாலு வயதுக் கிரிஜா மூன்றரைக் கிலோ குறைந்துவிட்டாள். சாப்பிடவில்லை என்றால் ஒரு நியாயம் இருக்கும். சாப்பிட்டாள். சோற்றுக் கோப்பை வழித்தெடுத்தது போல வெறுமையாகும். கை கழுவியதும் பசிக்குது என்பாள். உள்ளங்கை இரண்டும் ஐஸ் கட்டி. காய்ச்சல் இல்லை, வயிற்றோட்டம் இல்லை, இரத்தத்தில் குற்றம் இல்லை. டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இந்தப் போக்கில் போனால் பிள்ளை இன்னொரு வாரம் தாங்காது என்று சொல்லி, திங்கட்கிழமைக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் ஒழுங்கு செய்தார். அந்த ஊரில் எங்கே போனாய், எதைத் தொட்டாய், எதைத் தின்றாய், ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டு வா என்றும் சொன்னார். கிருமி ஏதாவது கொண்டுவந்திருப்பான் என்பது அவர் எண்ணம்.

தான் கொண்டுவந்த வியாதி. மூன்று நாளாக மகாதேவன் நித்திரை கொள்ளவில்லை. தனக்கு வந்திருக்கக்கூடாதா என்று குளியலறைக்குள் நின்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் குசினி. மனைவி யோகா பிள்ளைக்குத் தீத்துவது கேட்டது.

"இன்னும் ஒரு வாய், ராசாத்தி. ஆ காட்டு பாப்பம்."

கரண்டி கோப்பையில் தட்டும் சத்தம்.

அவன் பிலிம் சுருள்களைத் தேதிவாரியாக அடுக்கினான். முதல் இரண்டு நாள் சுருள்களில் எந்தக் கோளாறும் இல்லை. கடல்நாய் நேரே கமராவைப் பார்த்தது. பறவை நேரே பார்த்தது. மூன்றாம் நாள் மத்தியானம் வரை எல்லாம் ஒழுங்கு. மத்தியானத்துக்குப் பிறகு எல்லாமே இடது தோள்.

மூன்றாம் நாள் மத்தியானம் என்ன நடந்தது? அந்த இடத்துப் படத்தைக் கழுவினான். கூரை இடிந்த மரக்குடில் மேலே வந்தது. முன்னொரு காலத்தில் நரி பிடிக்க வந்தவர்கள் குளிர்காலம் முழுக்க அடைபட்டுக் கிடந்த குடில் என்று வழிகாட்டி ஆர்னே சொல்லியிருந்தான். சாப்பாடு தீர்ந்து செத்தார்களாம். மத்தியானச் சாப்பாட்டைப் படகில் வைத்துச் சாப்பிடுவோம், கரையில் வேண்டாம் என்றும் சொன்னான். ஏன் என்று இவன் கேட்கவில்லை. வெளிச்சம் அவ்வளவு நன்றாக இருந்தது. ஆர்னே படகுக்குப் போன பிறகும் இவன் குடில் வாசலிலேயே கல்லில் குந்தி, யோகா கட்டிக் கொடுத்த பருத்தித்துறை வடை டின்னைத் திறந்தான்.

பின்னால் ஆள் வந்து நின்றது.

சத்தம் கேட்கவில்லை. ஆனால் சாப்பிடும்போது ஒருவர் பின்னால் நின்றால் தெரியாதா என்ன. ஆர்னே திரும்பி வந்துவிட்டான் என்று நினைத்தான். தமிழ் தெரியாத ஆள்தான். இருந்தாலும் சாப்பிடுகிற இடத்தில் ஒருவர் வந்து நின்றால், எந்த யாழ்ப்பாணத்து மனிதனுக்கும் வாய் தானாகச் சொல்லும். இவனும் திரும்பிப் பாராமலே சொன்னான்.

"வாங்கோ, சாப்பிடுங்கோ. வெக்கப்படாமல் எடுங்கோ."

ஒரு வடையை இடது தோளுக்கு மேலால் நீட்டினான். வடையை எடுத்தார்கள். விரல் பட்டது. பிறகுதான் கீழே, முந்நூறு மீட்டர் தூரத்தில், ஆர்னே படகுக்குள் குனிந்து எதையோ கட்டிக்கொண்டிருப்பதைக் கண்டான். திரும்பிப் பார்த்தான். குடில், கல், வானம். கடல்காகம் பறித்துக்கொண்டு போயிருக்கும் என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டு மிச்ச வடையைத் தின்றான்.

காகத்துக்கு ஏது விரல்?

இடுக்கியைக் கீழே வைத்தான். கடைசிச் சுருளை எடுத்தான். அதில் மிருகம் எதுவும் இல்லை. சிட்னி விமான நிலையம். கிரிஜா சிவப்புச் சட்டையோடு ஓடி வருகிறாள். அப்பாவிடம் ஓடி வருகிறாள் என்று நினைத்து ஆசை ஆசையாக எடுத்த படம். காகிதத்தில் அவள் முகம் தெளிந்தது. சிரிப்பு. கண்.

இடது தோளுக்கு வெளியே.

அடுத்த படம் வீட்டுக் குசினி. அன்று மாலை எடுத்தது. மேசையில் பிள்ளை இருக்கிறாள். பக்கத்துக் கதிரை காலி. பிள்ளை இப்போது தோளைப் பார்க்கவில்லை. காலிக் கதிரையைப் பார்க்கிறாள். கையில் ஒரு கவளம் சோறு. கையை நீட்டியிருக்கிறாள்.

அதற்கு அடுத்த படம். நீட்டிய கையில் சோறு இல்லை.

அவன் கதவைத் தள்ளிக்கொண்டு குசினிக்கு ஓடினான். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. மேசையில் கிரிஜா மட்டும் இருந்தாள். கழுத்து எலும்பு தெரிய, கால் தொங்க, வெறும் கோப்பைக்கு முன்னால். யோகா கூடத்தில் ரெலிபோனில் யாரோடோ விம்மி விம்மிக் கதைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கதிரை மேசையிலிருந்து கொஞ்சம் இழுத்து விடப்பட்டிருந்தது. ஆள் இருக்கிற அளவுக்கு.

ஈரக் கம்பளி வாடை.

அவன் முழங்காலில் விழுந்து பிள்ளையின் கையைப் பிடித்தான். எவ்வளவு குளிர்.

"குஞ்சு, உன்ரை சாப்பாட்டை ஆர் சாப்பிடுறது? அப்பாட்டைச் சொல்லு."

"மாமா."

"எந்த மாமா?"

"உந்த மாமா. அவருக்கு நெடுகப் பசி." அவள் குரல் அலுத்துப் போயிருந்தது. "அப்பாதானே வரச் சொன்னனீங்கள்."

"நீ குடுக்காதை, அம்மா. இனிமேல் குடுக்காதை."

"குடுக்காட்டி அழுறார். சோறு முடிஞ்சால் கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறார்."

மகாதேவன் கதிரையைப் பார்த்தான். ஒன்றும் இல்லை. பலகையில் மட்டும் பனி பூத்தது போல வெள்ளை படர்ந்திருந்தது. கோபம் வந்தது, பயம் வந்தது, கடைசியில் இரண்டும் போய் வெறும் கெஞ்சல் மிஞ்சியது. கையெடுத்துக் கும்பிட்டான். எந்த மொழி புரியுமோ தெரியாது. ஆனால் அன்று குடில் வாசலில் சொன்னது புரிந்திருக்கிறதே.

"நான்தான் கூப்பிட்டனான். பிள்ளை கூப்பிடேல்லை. பிள்ளையை விடுங்கோ. என்னட்டை வாங்கோ. என்னட்டை இருக்கிறதை எல்லாம் எடுங்கோ. உங்கடை பசி முழுக்க நான் வாங்கிறன்."

குழாய் சொட்டுவது நின்றது.

கதிரை கிறீச்சிட்டது. யாரோ எழுந்தார்கள்.

விரல்கள் அவன் மணிக்கட்டைப் பிடித்தன. அன்று பட்ட அதே விரல்கள். மெல்லிய, எலும்பான, பொறுமையான விரல்கள். குளிர் தோள் வரை ஏறியது. நெஞ்சுக்கு வந்தது. வயிற்றுக்கு இறங்கியது. அங்கே ஏதோ திறந்தது. பிறகு விரல்கள் விட்டுவிட்டன. பின்வாசல் கதவு தானாகத் திறந்து, வெயிலில் ஒரு தடவை ஆடி, நின்றது. வாடை போய்விட்டது.

பிள்ளையின் கை அவன் கைக்குள் சூடாகிக்கொண்டு வந்தது. கன்னத்தில் நிறம் வந்தது. அவள் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டு, வயிற்றைத் தடவி, "இப்ப பசிக்கேல்லை" என்றாள். மகாதேவன் தரையில் இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். போதும். இது போதும். இனி என்ன வந்தாலும் வரட்டும்.

யோகா உள்ளே வந்தாள். பிள்ளையின் கன்னத்தையும் கையையும் தொட்டாள். வாயில் கை வைத்தாள்.

"ஐயோ, கை சுடுது. இஞ்சேருங்கோ, ஓடி வாங்கோ, பிள்ளையைப் பாருங்கோ."

"இஞ்சைதான் இருக்கிறன், யோகா" என்றான்.

அவள் அவனைக் கடந்து சலவை அறைக்குப் போனாள். சிவப்பு விளக்கை அணைத்தாள். பின்வாசலில் நின்று இரண்டு தரம் கூப்பிட்டாள். திரும்பி வந்தபோது அவன் அவள் கையைப் பிடித்தான். அவள் மெல்ல நடுங்கி, கம்பளிச் சட்டையை இழுத்துப் பொத்தானைப் போட்டாள்.

"அப்பா எங்கை போட்டார், குஞ்சு?"

அவன் கத்தினான். சத்தம் வந்தது. அவனுக்கு மட்டும் வந்தது.

அப்போதுதான் பசித்தது.

இதுவரை அவன் அறிந்த பசி ஒன்றும் பசி அல்ல. எலும்புக்குள் பசித்தது. நகத்துக்குள் பசித்தது. நரி பிடிக்கும் குடிலில் ஒரு முழுக் குளிர்காலத்துப் பசி, அதற்குப் பிறகு வந்த எத்தனையோ குளிர்காலத்துப் பசி. அடுப்பில் இருந்த சோற்றுப் பானைக்குள் கையை விட்டான். சோறு கையில் ஏறவில்லை. மேசையில் இருந்த பாண் துண்டில் கை வைத்தான். ஏறவில்லை. அவனாக எதையும் எடுக்க முடியாது. யாராவது கொடுக்க வேண்டும்.

யோகா புதுச் சோறு போட்டு, பருப்பு விட்டு, நெய் ஊற்றிப் பிள்ளைக்கு முன்னால் வைத்தாள். உடம்பு தேறட்டும் என்று இரண்டு அகப்பை கூடப் போட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு அவனைக் கண்டார்களா என்று அயலில் கேட்டு வர வாசலுக்குப் போனாள்.

வெளியே போ, மகாதேவா. எழும்பிப் போ. கதவு திறந்துதான் இருக்கிறது.

அவன் கதிரையில் இருந்தான். எப்போது வந்து இருந்தான் என்று தெரியவில்லை.

கிரிஜா திரும்பி அவனை நேராகப் பார்த்தாள். இந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் அவன் தெரிந்தான்.

"அப்பா, ஏன் அழுறியள்? பசிக்குதோ?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். பல்லைக் கடித்தான். தலையை ஆட்டினான். கண்ணீர் கன்னத்திலேயே உறைந்தது.

பிள்ளை நெய்ச் சோற்றைச் சின்ன விரல்களால் பிசைந்து, அழகாக ஒரு கவளமாக உருட்டி, கை எட்டாமல் கதிரையில் முழங்கால் குத்தி எழும்பி, அவன் உதட்டருகே நீட்டினாள்.

"ஆ காட்டுங்கோ."

அவன் வாயைத் திறந்தான்.