கிள்ளி அனுப்பும் வழக்கம்

கூட்டறை வாசலில் அன்றைக்கும் கிள்ளுவதற்கு வரிசை நின்றது.

உள்ளே போகிறவர் பன்னிரண்டு நாள் கழித்து இருபத்தைந்து வயது உடம்போடு வெளியே வருவார். எலுமிச்சைப் பட்டாம்பூச்சியிடம் திருடிய வித்தை. எலுமிச்சை இலையைத் தின்று கொழுத்த புழு, கூட்டுக்குள் கூழாகக் கரைந்து, அந்தக் கூழிலிருந்தே சிறகோடு எழுந்து வருகிறது. கூட்டறைக்குள் மனிதனையும் அப்படிக் கரைத்து வார்த்தார்கள். நோய் போனது. கூடவே ஞாபகமும் போனது. வலித்தது மட்டும் கரையவில்லை. புழுவாக இருந்தபோது ஒரு வாசனையைக் காட்டி ஷாக் கொடுத்தால், பட்டாம்பூச்சியான பிறகும் அந்த வாசனைக்கு அது விலகி ஓடுகிறதாம். படித்தவர்கள் இதைச் சொன்னதும் சனங்கள் கிள்ளத் தொடங்கினார்கள். பெயரைச் சொல்லிச் சதை கன்றக் கிள்ளினால், அந்தப் பெயராவது மிஞ்சுமே.

தங்கபுஷ்பத்துக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வேறு வழியில்லை. வாசலில் மருத்துவர் அவளுடைய வலது மணிக்கட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"இது எப்படிம்மா கோணுச்சு?"

"குடத்தோட வழுக்கி விழுந்தேன். கல்யாணமான புதுசுல."

"இதுவும் நேராயிடும்."

மகள் செல்வராணி அழுதுகொண்டே கிள்ளினாள். "நான் செல்வராணிம்மா. மறந்துராத." பிறகு அப்பனிடம் திரும்பினாள். "யப்பா, என்ன மரம் மாதிரி நிக்கீங்க? கிள்ளுங்க."

கொம்பையாவுக்கு இந்தக் கூட்டறைக்காரர்கள் எவன்மேலும் நம்பிக்கை கிடையாது. "நாப்பது வருஷம் கூட வாழ்ந்தவள நான் கிள்ளணுமாக்கும்? போ அங்கிட்டு."

"அப்ப வெளிய வந்து நீங்க யாருன்னு கேப்பா. கேட்டுட்டு நில்லுங்க."

"அவர விடுட்டி," என்றாள் தங்கபுஷ்பம். "அவர மறக்க மாட்டேன்."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் கொம்பையா பன்னிரண்டு நாளும் வாசலில் கிடந்தார். டீ வாங்கித் தந்தவனிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

கதவு திறந்தது. மகளைக் கண்டதும் தங்கபுஷ்பம் முகத்தைச் சுளித்தாள். "செல்வராணி," என்றாள். அவ்வளவுதான். மகளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

கொம்பையா சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

ஒருநாளும் புருஷன் பெயரை வாயால் சொல்லாதவள், "கொம்பையா," என்றாள். கோணல் இல்லாத அந்தப் புது வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

செல்வராணி அம்மாவைப் பார்த்தாள். நீட்டியபடியே நின்ற அப்பனின் கையைப் பார்த்தாள்.

"எந்தக் குடம்ப்பா அது?" என்றாள்.