மைக்கின் மேல் சிவப்புக் கோடு

லேப்டாப் திரையில் மைக் படத்தின் மேல் சிவப்புக் கோடு இருந்தது. மதிவதனி இன்னும் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

“கேக்குது கண்ணு, நல்லாக் கேக்குது,” என்றான் இயர்போனில் அவள் புருஷன் அருண்குமார். “பக்கத்துல உக்காந்து பேசறாப்புல இருக்குது.”

அவள் சிரித்தாள். மாமன் விளையாடுகிறான்.

பல்லடத்தில் அவள் குடியிருந்த லைன் வீட்டின் பின்சுவர்தான் தறிக்குடோனுக்கும் சுவர். இரவும் பகலும் தறிகள் அடிக்கும் அடியில் பாத்திர அலமாரி அதிர்ந்துகொண்டே இருக்கும். பக்கத்து வீட்டில் யாராவது அழுதால்கூடத் தெரியாது. மாதத்தில் ஒரு நாள், கரண்ட் ஷட்டவுன் அன்று மட்டும், எல்லாம் நிற்கும். சத்தம் விலகிய இடத்துக்குப் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியின் புளித்த மணமும் தறி எண்ணெயின் மணமும் காற்று திரும்பினால் கோழிப்பண்ணை வாடையும் வந்து உட்காரும். குழாய் சொட்டுவது கேட்கும். தன் மூச்சு தனக்கே கேட்கும். அவன் மஸ்கட் போனதிலிருந்து அவர்கள் பேசிக்கொள்வது அந்த நாளில்தான். அங்கே போனில் நெட் கால் தடை, எழுத்துச் செய்தி மட்டும்தான் வரும். பேச வேண்டுமானால் கம்பெனி அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில் இந்த இணையப் பக்கத்தைத் திறக்க வேண்டும்.

போன மாதம் பேச்சு தொடங்கியதுமே மைக் அடைத்துக்கொண்டது. லைனும் போனது. அவள் அழுதுகொண்டே படுத்தாள். அன்று ராத்திரி அவனிடமிருந்து எழுத்து வந்தது: இன்னைக்குத்தான் நீ மனசு தொறந்து பேசுன. குத்திக் காட்டுகிறான் என்று எண்ணி அவள் பதில் போடவில்லை.

இன்று அவளை எப்போது மஸ்கட்டுக்குக் கூட்டிக்கொள்வது என்று சொல்வதாக இருந்தான். பனியன் கம்பெனியில் வேலையை விட்டுவிட்டாள். பாஸ்போர்ட் பீரோவில் இருந்தது. சாவி இடுப்பில். நேற்று மருதாணி அரைத்து வைத்திருந்தாள். உள்ளங்கை நடுவில் வட்டம், சுற்றிப் புள்ளிகள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் மெர்சிதான் காலையில் சார்ஜ் ஏற்றிய லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போனாள். போகும்போது கையைப் பிடித்துப் பார்த்தாள்.

“ஏம்புள்ள, செவக்கவே இல்லையே? மாமனுக்கு ஆசை அவ்வளவுதானாட்ட இருக்குது.”

“போங்கக்கா.”

“பேசறதுக்கு எதுக்கு மருதாணி? மைக்குல தெரியுமா?”

தெரியாது. ஆனாலும் வைத்திருந்தாள்.

“ஏனுங்க மாமா,” என்றாள் இப்போது. “மைக்கு வேலை செய்யலைங்க.”

“டிக்கெட்டுதானே? அதெல்லாம் போட்டாச்சு,” என்றான் அவன்.

டிக்கெட்டைப் பற்றி அவள் கேட்கவில்லை.

திரையில் முகவரிக்குப் பக்கத்தில் இருந்த குறியை அழுத்தினாள். மைக்ரோபோன்: தடை. அனுமதி என்று மாற்றினாள். பக்கத்தை மூடி மறுபடி திறந்தாள். திரும்ப வந்தபோது அவன் சிரித்துக்கொண்டிருந்தான். பேச்சு நடுவில் அறுந்ததாகவே தெரியவில்லை. சிவப்புக் கோடு அப்படியே இருந்தது.

மெர்சிக்குப் போன் போட்டாள்.

“வேற எதுவும் தொறந்து வெச்சிருக்கிறயா? இன்னொண்ணு மைக்கப் புடிச்சிருந்தாலும் இப்படித்தான் ஆகும்.”

“இது ஒண்ணுதானுங்க்கா.”

“செட்டிங்ஸ்ல போ. மைக்குக்குக் கீழ ஒரு பச்சைக் கோடு இருக்கும். பேசுனா ஏறும்.”

“ஹலோ. ஹலோ.” கோடு அசையவில்லை. “ஏறலீங்க்கா.”

“கொஞ்சம் பொறு.”

பொறுத்தாள். குழாய் சொட்டியது. பச்சைக் கோடு மெல்ல ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது.

“இப்ப ஏறுதுங்க்கா.”

“பின்னென்ன? மாமனக் காக்க வெக்காத. பேசு.” மெர்சி வைத்துவிட்டாள்.

போனைக் கீழே வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கோடு ஏறியபோது அவள் வாய் திறக்கவில்லை.

இயர்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பச்சைக் கோட்டையே பார்த்தாள். அது ஏறும். நிற்கும். அவன் பேசுவான். அவன் நிறுத்தினால் அது ஏறும். ஒரு முறை நீளமாக ஏறி இறங்கியது. அவன் “ச்சீ, போ கண்ணு” என்றான். அந்தக் குரலில் அவன் அவளிடம் ஒருநாளும் பேசியதில்லை.

எழுதும் கட்டத்தில் எழுதினாள். விரல்கள் தவறின. மாமா நான் பேசலைங்க. அது நானில்ல.

அவன் நிறுத்தினான். கோடும் நின்றது. படிக்கிறான்.

“ஒண்ணுமில்ல கண்ணு,” என்றான். “அவ டைப் பண்றா. கண்டுக்காத. நீ சொல்லு.”

பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வேறு. அவனுக்குத் தெரியும். போன மாதமே தெரியும். தெரிந்துதான் சிரிக்கிறான்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். வாசல் பக்கம் நடந்தாள். கோடு சிறுத்தது. அடுப்படியில் இன்னும் சிறுத்தது. கட்டிலைத் தாண்டியதும் பெருத்தது. பீரோவின் முன்னால் முழுக்கப் பச்சையாக நின்றது.

ஒரு பக்க இயர்போனைக் கழற்றி, அந்தக் காதைக் கதவில் வைத்துக் கேட்டாள். இரும்பின் குளிர்ச்சி. உள்ளே எதுவும் கேட்கவில்லை.

“வெள்ளிக்கெழம பிளைட்டு,” என்றான் அவன். “பாஸ்போர்ட்டு உங்கிட்டத்தான இருக்குது? போட்டோவப் பத்திக் கவலப்படாத. மொகம் ஒண்ணுதான.”

கோடு ஏறி இறங்கியது.

“அவளா? அங்கயே கெடக்கட்டும். தறி ஓடறப்ப கத்துனா ஆருக்குக் கேக்குது?”

ஓடியிருக்கலாம். கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் வெயில் கிடந்தது. ஆனால் அது அவள் பாஸ்போர்ட். அவள் பெயர். அவள் முகம். லேப்டாப்பைக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

அப்போது விளக்கு எரிந்தது.

சுவருக்கு அப்பால் ஒரு தறி. இன்னொன்று. பிறகு எல்லாம். அலமாரி அதிர்ந்தது. தரை அதிர்ந்தது.

“கரண்டு வந்துருச்சாட்ட இருக்குது,” என்றான் காதுக்குள். “செரி கண்ணு. வேலைய முடிச்சுப்போட்டு வா.”

சாவி அவள் கையில்தான் இருந்தது. பீரோவின் கைப்பிடி தானாகக் கீழே இறங்கியது.

கத்தினாள். வாய் திறந்தது தெரிந்தது. தொண்டை கிழிவது தெரிந்தது. சத்தம் தெரியவில்லை. திரையில் பச்சைக் கோடு அசையவே இல்லை.

கதவு விரலளவு திறந்தது.

விளிம்பில் நான்கு விரல்கள். அவள் விரல்கள். பிறகு உள்ளங்கை, அவளை நோக்கி விரிந்தது.

அதே வட்டம். அதே புள்ளிகள்.

நன்றாகச் சிவந்திருந்தது.