தங்கராசுவின் தலைவலி

"எங்க வூட்டுக்காரருக்கு சோத்துல மருந்து வெச்சுட்டா, பக்கத்து வூட்டு சாமியம்மா. நீங்கதான் அவ வாயால ஒத்துக்க வைக்கணும்" என்று வந்து நின்றாள் புஷ்பவல்லி.

வைத்திலிங்கம் போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். யார் சொன்னதையும் நம்பாமலே முப்பது வருஷம் ஓட்டியவர். அவளையும் நம்பவில்லை.

அவள் புருஷன் தங்கராசு நெய்வேலிச் சுரங்கத்தில் வேலை. ஒரு மாதமாகத் தலைவலி, வாந்தி, இப்போது பிதற்றலும் சேர்ந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். மூளையில் காசநோய் என்று ஊசி போட்டார்கள், கேட்கவில்லை.

துப்பு என்றால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவரும் அந்த ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் பன்னீர்செல்வத்தோடு, அவள் குடியிருந்த சுரங்கக் குவார்ட்டர்சுக்குப் போனார் வைத்திலிங்கம்.

"சாமியம்மா குடுத்த கொழம்ப யார் யார் தின்னீங்க?"

"மூணு பேருந்தாங்க."

"அப்ப நீயும் புள்ளையும் ஏன் குத்துக்கல்லாட்டம் இருக்கீங்க?"

தங்கராசுவின் கட்டிலில் இப்போது குழந்தை தூங்கியது. நேர் மேலே பரண். அதன் வாயைச் சாக்கு மறைத்திருந்தது. தரையில் நாலைந்து கம்பு மணி. கொசுவலையில் வெள்ளையாக ஏதோ காய்ந்திருந்தது.

"கோழி வளக்கிறியா?"

"இல்லிங்க."

"சுண்ணாம்பு உதிருது போல ஐயா" என்றான் பன்னீர்செல்வம்.

"சுண்ணாம்புக்கு எறகு மொளைக்குமாடா? வலையில ஒட்டிக்கினு இருக்குது பாரு. பறவை எச்சத்தால மண்டைக்கு ஏறுற நோவு எதுனா உண்டான்னு டாக்டரக் கேளு."

மறுநாள் பன்னீர்செல்வம் மூச்சிரைக்க வந்தான். "முதுகுத்தண்டுல ஊசி குத்தி எடுத்த நீர்ல, டிராயிங் ஆபீஸ் கறுப்பு மையக் கலந்து டாக்டரு மைக்ராஸ்கோப்புல பாத்தாருங்க. கறுப்புக்குள்ள வெள்ள வளையம்! பூஞ்சக்காளானாம். காஞ்ச புறா எச்சத்துல இருக்குமாம், தூசோட மூச்சுல போயி மூளைக்கு ஏறிடுமாம்."

"மருந்து?"

"சீமையிலேர்ந்து வரணுமாம். அதுவரைக்கும் தாங்குவானான்னு..."

வார்டு வாசலில் புஷ்பவல்லியையும் சாமியம்மாளையும் ஒன்றாக நிற்கவைத்தார். அவளிடம் சொல்ல வேண்டாம் என்று பன்னீர்செல்வம் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். அந்தக் கட்டிலில் குழந்தை படுக்கிறதே, அவர் எப்படிச் சொல்லாமல் இருப்பார்!

"குவார்ட்டர்சுல புறா வளக்கக் கூடாது. சோதனைக்கு ஆளு வர்றான்னு கூண்டப் பரண்ல ஏத்தி மூடினது யாரு?"

"நான்தாங்க. குவார்ட்டர்ஸ் போயிடுமேன்னு..."

"நைட் ஷிப்ட் முடிஞ்சு பகலெல்லாம் கதவச் சாத்திக்கினு அதுக்கடியில தூங்கினது அவன் ஒருத்தன். எச்சம் காஞ்சு தூசா அவன் மூஞ்சியிலயே கொட்டிக்கினு இருந்திருக்கு. சோத்துல எவளும் எதுவும் வெக்கல."

புஷ்பவல்லி அழவில்லை. சாமியம்மாள்தான் அவள் இடுப்பிலிருந்த குழந்தையை வாங்கிக்கொண்டாள். "இனிமே எங்க வூட்லயே படுக்கட்டும்டி."

"மருந்து வந்துருமாங்க?" என்றாள் புஷ்பவல்லி.

"வரும்" என்றார் வைத்திலிங்கம். அதை அவரே நம்பவில்லை.

உள்ளே தங்கராசு கண்ணை அகலத் திறந்துகொண்டே விளக்கைப் போடச் சொல்லிக் கத்தினான். மணி பகல் பதினொன்று.