இடிந்த கொட்டகையிலிருந்து ரெண்டு தெரு

தலைநகர் மனாகுவாவில் அன்றைக்கு மழையா அது... ஏரியே எழுந்து வந்த மாதிரி!

மருத்துவமனையை ஒட்டிய ரத்த முகாம் வாசலில் யஹோஸ்கா காத்துக்கொண்டு நின்றாள். ஒரு மணிக்கு அப்பாவுக்கு இதய ஆபரேஷன். எளிதில் கிடைக்காத ரத்த வகை. முகாமின் இணையதளத்தைப் பார்த்து ரென்விக் என்று ஒருவர் ‘காலையில் வருகிறேன்’ என எழுதியிருந்தார். மணி பத்தரை ஆகிவிட்டது. கூப்பிட்டுக் கேட்க நம்பர் கிடையாது... அந்த இணையப் பக்கம் நம்பர் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை.

அப்போதுதான் சொட்டச் சொட்ட நனைந்த ஒருவன் அவள்மேல் வந்து மோதினான்.

“ஏங்க, கண்ணு தெரியலையா?”

“கண்ணு நல்லாத்தான் தெரியுது. கொட்டகைதான் தெரியல!” போனை நீட்டினான். “பாருங்க... ‘சினிமாக் கொட்டகை இருந்த இடத்திலேர்ந்து ஏரிப் பக்கமா ரெண்டு தெரு.’ விசாரிச்சா, பூகம்பத்துல விழுந்து அம்பது வருஷமாச்சாம்! இல்லாத கொட்டகையை நான் எங்கே தேடுவேன்? எந்தப் புண்ணியவான் எழுதினானோ!”

சுருக்கென்றது அவளுக்கு. முகாமுக்காக அந்த இணையப் பக்கத்தை எழுதிய புண்ணியவதி அவள்தானே!

“ஊர்ல எல்லாருக்கும் தெரியும். தெரு நம்பரெல்லாம் இங்க யாரு பாக்கறா?”

“நான் வெளியூரு, புளூஃபீல்ட்ஸ்காரன்மா. இன்னும் அஞ்சு நிமிஷம் அலைஞ்சிருந்தா, ரத்தமும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு பஸ் ஏறியிருப்பேன்.”

ரத்தமா...?

“நீங்க... ரென்விக்கா?”

“ஆமா. ஏன் அழறீங்க?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அஞ்சு நிமிஷம்... அவள் பெருமையாக எழுதிய அந்தப் பக்கமே அப்பாவைக் கொன்றிருக்குமே!

நர்ஸ் எஸ்மெல்டா அவனைக் கையோடு உள்ளே இழுத்துப் போனார். அதற்கப்புறம் ஒவ்வொரு நிமிஷமும் ஒரு யுகம். ஒவ்வொரு முறை கதவு திறந்தபோதும் அவள் உயிர் போய்த் திரும்பியது.

ஐந்து மணிக்கு டாக்டர் வந்து சொன்னார். அப்பா பிழைத்துவிட்டார்.

ரென்விக் இன்னும் போகவில்லை. எஸ்மெல்டா கொடுத்த பினோலிலோ என்ற சோளப் பானத்தை உறிஞ்சிக்கொண்டு, இவளுக்காகவே உட்கார்ந்திருந்தான். மழை கழுவிவிட்ட மாதிரி தெளிவான கண்கள்... யஹோஸ்கா மடிக்கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து அவன் முன்னே வைத்தாள்.

“இதைச் சத்தமா படிங்க. புரியாம முழிக்கிற இடத்துல நிறுத்துங்க.”

“எதுக்கு? எழுதினவனை உதைக்கப் போறீங்களா?”

“எழுதினது... நான்தான்.”

அவன் சிரித்தான். “தெரியும். நான் திட்டினப்பவே உங்க மூக்கு செவந்துச்சே!”

அவன் படித்தான், நிறுத்தினான்; அவள் திருத்தினாள். கொட்டகை போனது. மருத்துவமனையின் பச்சை வாசல் வந்தது, பஸ் நம்பர் வந்தது, அவளுடைய போன் நம்பரும் வந்தது. கடைசியாக ஒரு வரி சேர்த்தாள்: ‘வழி தெரியலன்னா கூப்பிடுங்க. வாசல்ல நிக்கிறேன்.’

அவன் அதை ரெண்டு தடவை படித்தான். “யார் கூப்பிட்டாலும் நிப்பீங்களா?”

“நிப்பேன்.” அவனை நிமிர்ந்து பார்த்தாள். “ஆனா... நீங்க கூப்பிடாட்டியும் நிப்பேன்.”


அவன் போனை எடுத்து அந்த நம்பரை அழுத்தினான். அவள் மடியிலிருந்த போன் அடித்தது.